துப்பாக்கித் தோட்டாவில் பேர் பதித்த பெர்டன்

துப்பாக்கி வெடித்தால் இரண்டு பொருள்கள் வெளியே வரும். ஒன்று குண்டு. அது எங்கே போய் விழுந்தது என்று பல சமயம் சுட்டவருக்கே தெரியாது. இன்னொன்று பித்தளைக் கூடு. அது சுட்டவரின் பக்கத்திலேயே கிடக்கும்.

குண்டு போன பிறகு கூடு எதற்கு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒரு தோட்டாவில் விலை அதிகமான பாகம் அந்தக் கூடுதான். குண்டு பெரும்பாலும் ஈயம். மருந்து சில சிட்டிகை. கூடு மட்டும் நல்ல பித்தளை. அதைச் சுத்தம் செய்து, புது மருந்து போட்டு, புதுக் குண்டு செருகினால் மறுபடியும் சுடலாம். பக்குவமாகப் பார்த்துக்கொண்டால் பல தடவை சுடலாம்.

எல்லாக் கூட்டையும் அப்படிச் சுலபமாகச் செய்துவிட முடியாது. கூட்டின் உள்ளே, அடிப்பாகத்தில் பார்க்க வேண்டும். அங்கே நடுவில் ஒரே ஒரு துளை இருந்தால் வேலை சுலபம். நடுவில் துளை இல்லாமல், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துளைகள் இருந்தால் வேலை கடினம்.

ஒரு துளை போட்டவர் இங்கிலாந்துக்காரர். இரண்டு துளை போட்டவர் அமெரிக்கர். இரண்டு முறைகளும் பிறந்தது ஒரே ஆண்டில், 1866-இல். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இங்கிலாந்துக்காரர் செய்ததை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. அமெரிக்கர் செய்ததை இங்கிலாந்தும் ஐரோப்பாவும் எடுத்துக்கொண்டன.

அந்த அமெரிக்கரின் பெயர் ஹைரம் பெர்டன். குறி பார்த்துச் சுடுவதில் மன்னர். ஒரு படைக்குத் தலைவர். ஓயாமல் எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருந்தவர். கடைசியில் தன் நாட்டு சர்க்கார் மீதே வழக்குப் போட்டவர்.

உப்பளமும் கடலூரும்

அமெரிக்கர் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் ஊருக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு.

புதுச்சேரி நகரில் கடலை ஒட்டிய பகுதி உப்பளம். 1954 நவம்பர் 1-ந் தேதி வரை அங்கே பிரெஞ்சு ஆட்சி. தெற்கே ஏறத்தாழ 20 கிலோ மீட்டர் போனால் கடலூர். அங்கே 1947 வரை ஆங்கிலேயர் ஆட்சி. நடுவே எல்லை. எல்லையில் சுங்கச் சாவடி. இந்தப் பக்கம் ஒரு சட்டம், அந்தப் பக்கம் ஒரு சட்டம். துப்பாக்கியும் அப்படியே. பிரெஞ்சுப் பட்டாளத்தின் துப்பாக்கி லெபல். ஆங்கிலேயர் பட்டாளத்தின் துப்பாக்கி, த்ரீ நாட் த்ரீ என்று நம் போலீசார் சொல்லும் .303. இதன் தோட்டா அதற்குப் பொருந்தாது. அதன் தோட்டா இதற்குப் பொருந்தாது.

ஆனால் இரண்டு தோட்டாக்களின் அடிப்பாகத்தையும் அறுத்துப் பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். லெபல் தோட்டா பெர்டன் முறையில் செய்தது. .303 ராணுவத் தோட்டாக்களும் பெரும்பாலும் பெர்டன் முறையில் செய்தவையே.

முதல் உலக யுத்தத்தில் பிரான்சுக்காகப் போரிட்டு மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்கு, புதுச்சேரி கடற்கரையில் 1938-இல் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். இன்றும் அது நிற்கிறது. அதே யுத்தத்தில் ஆங்கிலேயருக்காகப் போன தமிழர்களும் உண்டு. ஒரு மொழி பேசியவர்கள் இரண்டு கொடிகளின் கீழ் சண்டைக்குப் போனார்கள். இரண்டு பட்டாளத்துத் தோட்டாக்களிலும் இருந்தது ஓர் அமெரிக்கரின் யோசனை.

இனி அவர் கதைக்குப் போகலாம்.

பச்சைச் சட்டைப் பட்டாளம்

1824 செப்டம்பர் 6-ந் தேதி நியூயார்க் மாநிலத்தில் பெல்ப்ஸ் என்ற ஊரில் பெர்டன் பிறந்தார். இயந்திரப் பொறியியல் படித்தார். படிப்பு முடிந்ததும் கண்டுபிடிப்பில் இறங்கினார். தங்கத் தாதுவை அரைத்துத் தங்கத்தைப் பிரிக்க ஓர் இயந்திரம் செய்தார். கதிர் அறுக்க ஓர் இயந்திரம் செய்தார். ரொட்டி சுடுவதற்குக்கூட ஓர் இயந்திரம் செய்தார். கையில் காசு சேர்ந்தது.

மீதி நேரத்தில் துப்பாக்கி சுட்டார். அமெரிக்காவில் அவரைப் போலக் குறி தவறாமல் சுடுபவர் இல்லை என்று பெயர் எடுத்தார்.

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. வடக்கு மாநிலங்கள் ஒரு பக்கம். அடிமை முறையை விடமாட்டோம் என்ற தெற்கு மாநிலங்கள் இன்னொரு பக்கம். பெர்டன் வடக்குப் பக்கம். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. நாட்டிலேயே நன்றாகச் சுடுபவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரு பட்டாளம் அமைத்தால் என்ன?

சேருவதற்குப் பரீட்சை வைத்தார். 200 கஜ தூரத்தில் குறி. 10 குண்டு சுட வேண்டும். நடுப்புள்ளியில் இருந்து சராசரியாக 5 அங்குலத்துக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் வீட்டுக்குப் போகலாம். ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள். தேறியவர்களைக் கொண்டு இரண்டு படைப் பிரிவுகள் அமைந்தன. மற்றப் படைகளுக்கு நீலச் சட்டை. இவர்களுக்கு மட்டும் பச்சைச் சட்டை. மரம் செடிகளுக்கு நடுவே பதுங்கினால் கண்ணுக்குத் தெரியாது.

ஜனாதிபதி லிங்கன் ஒரு நாள் இவர்கள் முகாமுக்கு வந்தார். தானும் துப்பாக்கி எடுத்துச் சுட்டுப் பார்த்தார். தெற்கத்தித் தலைவர் ஜெபர்சன் டேவிசின் உருவத்தைத் தூரத்தில் நிறுத்தி, வலது கண்ணில் சுடப்போவதாகச் சொல்லி, பெர்டன் அதே கண்ணில் சுட்டார் என்று ஒரு கதை உண்டு. சொல்லிச் சொல்லிக் கொஞ்சம் வளர்ந்த கதையாகவும் இருக்கலாம்.

தன் ஆட்களுக்கு ஷார்ப்ஸ் துப்பாக்கிதான் வேண்டும் என்று பெர்டன் பிடிவாதம் பிடித்தார். அது பின்பக்கம் திறந்து தோட்டா போடும் துப்பாக்கி. ராணுவத் தளவாட அதிகாரிகள் மறுத்தார்கள். குழாயின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியே போதும் என்றார்கள். பெர்டன் விடவில்லை. 1862-இல் ஷார்ப்ஸ் கைக்கு வந்தது.

1863 ஜூலை 2-ந் தேதி, கெட்டிஸ்பர்க் சண்டை. எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்த்து வரப் பெர்டன் ஏறத்தாழ 100 பச்சைச் சட்டைக்காரர்களோடு ஒரு காட்டுக்குள் போனார். துணைக்கு இன்னொரு படையில் இருந்து சுமார் 200 பேர். காட்டுக்குள் எதிரியின் பெரும்படை இருந்தது. ஏறத்தாழ 20 நிமிடம் சண்டை. பிறகு பின்வாங்கினார்கள். எதிரி அந்தக் காட்டில் இருக்கிறான் என்ற சேதி வெளிவந்தது.

பெர்டனைப் புகழ்ந்தவர்கள் உண்டு. பழித்தவர்களும் உண்டு. சண்டை மும்முரமாக நடக்கும் இடத்தில் அவரைக் காண முடியாது என்று சொன்ன ஆபீசர்கள் இருந்தார்கள். தன்னைத் தானே விளம்பரம் செய்துகொள்வார் என்ற புகாரும் இருந்தது. 1864 ஜனவரியில் பதவியை விட்டு விலகினார். அவரைப் போர்த் தலைவராக நினைப்பதைவிட, ஒரு சிறு குழியைப் பற்றி யோசித்தவராக நினைப்பதே சரி என்று எனக்குப் படுகிறது.

பல்லால் கடித்த தோட்டா

பெர்டனின் ஆட்கள் சுட்ட ஷார்ப்ஸ் துப்பாக்கியிலும் ஒரு குறை இருந்தது. தோட்டா துணியால் ஆனது. துணிப் பைக்குள் மருந்தும் குண்டும் இருக்கும். தீப்பொறி தருவதற்கு ஒரு சின்ன மூடியைத் தனியாகப் பொருத்த வேண்டும். மழையில் நனைந்தால் வெடிக்காது.

அதற்கு முந்தியவை காகிதத் தோட்டாக்கள். அவற்றால் நம் நாட்டில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 1857-இல் என்பீல்டு துப்பாக்கிக்கு வந்த காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டும். அதில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்று கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் பேச்சு எழுந்தது. மார்ச் 29-இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கி தூக்கினார். மீரட்டில் தோட்டாவைத் தொட மறுத்த 85 குதிரை வீரர்களுக்கு மே 9-ந் தேதி விலங்கு மாட்டினார்கள். மறுநாளே மீரட் பற்றி எரிந்தது.

காகிதமும் வேண்டாம், துணியும் வேண்டாம், உலோகக் கூடு வேண்டும் என்று எல்லா நாட்டுப் பட்டாளங்களும் தேட ஆரம்பித்தன. செம்புக் கூடு வந்தது. செம்பு மெத்தென்ற உலோகம். சூட்டில் விரிந்து குழாய்க்குள் ஒட்டிக்கொள்ளும். 1876-இல் அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் என்ற இடத்தில் செவ்விந்தியர்கள் தளபதி கஸ்டரின் படையை முறியடித்தார்கள். அன்று சில துப்பாக்கிகளில் செம்புக் கூடு சிக்கி வெளியே வராமல் நின்றது. தோல்விக்கு அது ஒன்றே காரணம் அல்ல. ஆனாலும் அது மறக்க முடியாத பாடமாகி, செம்பு போய்ப் பித்தளை வந்தது.

100 பங்கில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இதுதான் தோட்டாப் பித்தளை. வெடிக்கும்போது இது விரிந்து குழாயை அடைத்துக்கொள்ளும். புகை பின்னால் வராது. வெடித்த மறுகணமே கொஞ்சம் சுருங்கிக்கொள்ளும். அதனால் சுலபமாக வெளியே வந்துவிடும்.

பொட்டு வெடியும் அடைகல்லும்

தீபாவளிக்குப் பிள்ளைகள் பொட்டு வெடி வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொட்டைத் தரையில் வைத்துக் கல்லால் தட்டினால் வெடிக்கும். மெத்தை மேல் வைத்துத் தட்டினால் வெடிக்காது. கீழே கெட்டியான ஒரு பொருள் வேண்டும். கொல்லன் பட்டறையில் இருக்கும் அடைகல் மாதிரி.

தோட்டாவும் அப்படியே. அதன் அடியில் ஒரு குழி. குழிக்குள் ஒரு சின்ன உலோகக் கிண்ணம். கிண்ணத்துக்குள் பொட்டு வெடி மாதிரி மருந்து. இதற்குக் கேப் என்று பெயர். துப்பாக்கியின் ஊசி கேப்பைக் குத்தும். மருந்து நசுங்கும். தீப்பொறி பிறந்து, துளை வழியாக உள்ளே பாய்ந்து, பெரிய மருந்தைப் பற்றவைக்கும்.

ஊசி மேலே இருந்து குத்துகிறது. கீழே அடைகல் எங்கே? இதுதான் கேள்வி.

பெர்டன் அடைகல்லைக் கூட்டிலேயே வைத்தார். குழியின் நடுவில் பித்தளையையே ஒரு சிறு மேடாகத் தள்ளிவிட்டார். நடுவில் மேடு இருப்பதால் துளையை நடுவில் போட முடியாது. பக்கத்தில் போட்டார். பிற்பாடு அது இரண்டு சிறு துளை என்று நிலைத்தது. 1866 மார்ச் 20-ந் தேதி அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

இங்கிலாந்தில் வுல்விச் ராணுவத் தொழிற்சாலையில் கர்னல் எட்வர்டு பாக்சர் என்பவர் இருந்தார். குத்துச்சண்டைக்காரர் அல்ல, பெயரே அப்படி. இவர் அடைகல்லைக் கேப்புக்குள் வைத்தார். ஒரு சின்ன உலோகத் துண்டு. அதனால் குழியின் நடு காலியாக இருந்தது. அங்கே ஒரே ஒரு துளை போட்டார். அதே 1866 அக்டோபரில் அவர் காப்புரிமை வாங்கினார்.

இதில் எது மேல்? தொழிற்சாலைக்காரருக்குப் பெர்டன் முறை மேல். கேப்புக்குள் தனித் துண்டு வைக்க வேண்டாம். கோடிக் கணக்கில் செய்யும்போது செலவு மிச்சம். சுட்ட கூட்டைப் பொறுக்குகிறவருக்குப் பாக்சர் முறை மேல். கூட்டின் வாய் வழியாக ஒரு கம்பியை விட்டு, நடுத் துளையில் நுழைத்துத் தட்டினால் பழைய கேப் வெளியே விழுந்துவிடும்.

பெர்டன் கூட்டில் கம்பியை விட்டால் மேட்டில் போய் முட்டும். கேப்பை வெளிப்பக்கத்தில் இருந்து கொக்கியால் நெம்பி எடுக்க வேண்டும். மேடு நசுங்கினால் கூடு பயனில்லை. இன்னொரு வழியும் உண்டு. கூட்டில் தண்ணீர் நிரப்பி, வாய்க்குச் சரியாகப் பொருந்தும் கம்பியைச் செருகி ஓங்கித் தட்டினால், தண்ணீர் துளைகள் வழியே பாய்ந்து கேப்பைத் தள்ளிவிடும். சட்டையும் நனையும்.

பெர்டன் கூட்டை மறுபடி நிரப்பவே முடியாது என்று சிலர் சொல்வது தவறு. முடியும். பொறுமை வேண்டும்.

ருஷ்யாவில் பெர்டாங்கா

அமெரிக்க சர்க்கார் பெர்டனின் துப்பாக்கியை வாங்கவில்லை. ருஷ்யா வாங்கியது. 1868-இல் கோல்ட் கம்பெனி ருஷ்யாவுக்காக 30,000 பெர்டன் துப்பாக்கிகளைச் செய்துகொடுத்தது. 1870-இல் இன்னும் எளிமையான இரண்டாவது மாதிரி வந்தது. ருஷ்யத் தொழிற்சாலைகளே அதை லட்சக் கணக்கில் செய்தன. பெர்டன் பல ஆண்டுகளை ஐரோப்பாவில் கழித்தார்.

ருஷ்யக் குடியானவர்கள் அந்தத் துப்பாக்கிக்குப் பெர்டாங்கா என்று செல்லப் பெயர் வைத்தார்கள். 1891-இல் பட்டாளத்துக்குப் புதுத் துப்பாக்கி வந்தது. பழைய பெர்டாங்கா சைபீரிய வேட்டைக்காரர்கள் கைக்குப் போயிற்று. ஆபீசரின் பெயர் துப்பாக்கியின் பெயராகி, வீட்டுச் சாமான் மாதிரி ஆகிவிட்டது.

பெர்டனின் மகள் எலிசபெத் 1884-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கல்யாணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை மேரியன் கிராபோர்டு என்ற நாவலாசிரியர். இவர் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நம் அலகாபாத்தில் இந்தியன் ஹெரால்டு என்ற பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தவர். மாமனார் தோட்டா. மருமகன் பேனா.

பழைய கூட்டுக்குப் புது உயிர்

சுட்ட கூட்டை எப்படித் தயார் செய்கிறார்கள்? அமெரிக்கப் பட்டாளத்தில் 1880-களில் சிப்பாய்களே இதைச் செய்தார்கள். பயிற்சிக்குச் சுட்ட கூடுகளைப் பொறுக்கி, நிரப்பி, மறுபடியும் பயிற்சிக்குச் சுட்டார்கள். இன்றும் பல நாடுகளில் குறி சுடும் பந்தயக்காரர்கள் இதைச் செய்கிறார்கள்.

முதல் வேலை கண்ணுக்கு. கூட்டின் கழுத்தில் விரிசல் இருக்கிறதா? அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறதா? அந்த வளையம் ஆபத்து. பித்தளை அங்கே மெலிந்துவிட்டது என்று பொருள். அடுத்த வெடியில் கூடு இரண்டாகப் பிரியும். சுடுபவரின் முகம் அதற்கு நேர் பின்னால் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் கூட்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

பிறகு பழைய கேப்பை எடுப்பது. பிறகு கழுவுவது. பெர்டன் காலத்தில் கரி மருந்துதான். கரி மருந்தின் கசடு பித்தளையை அரிக்கும். அதனால் சுட்ட அன்றே தண்ணீரில் போட்டு அலச வேண்டும். நம் வீட்டில் பூஜை முடிந்ததும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறோமே, அதே அவசரம். இப்போது வால்நட் கொட்டை ஓட்டை இடித்து, அந்தத் தூளோடு கூடுகளை ஓர் உருளையில் போட்டு மணிக்கணக்கில் சுற்றவிடுகிறார்கள். புதுக் காசு மாதிரி மின்னும்.

வெடித்த கூடு கொஞ்சம் ஊதியிருக்கும். எஃகு அச்சுக்குள் அழுத்தி அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அச்சில் சிக்காமல் இருக்க மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. அழுத்தும்போது பித்தளை நீளத்தில் வளரும். வளர்ந்ததை வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பில் பிசிர் இருக்கும். அதை மழிக்க வேண்டும். கேப் குழியில் உள்ள கரியைச் சுரண்ட வேண்டும்.

கன்னார்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. பித்தளையை அடிக்க அடிக்க அது முறுகிக் கெட்டியாகும். இன்னும் அடித்தால் விரியும். அதனால் நடுவில் நெருப்பில் காட்டி இளக்கிக்கொள்வார்கள். தோட்டாக் கூட்டுக்கும் அதே வைத்தியம். சில தடவை சுட்ட பிறகு கழுத்தை மட்டும் நெருப்பில் காட்டுகிறார்கள். கழுத்தை மட்டும்தான். அடிப்பாகம் இளகினால் கூடு தாங்காது. வெடிப்பின் முழு வேகத்தையும் ஏற்பது அடிப்பாகம்தான்.

குதிரை லாயத்தில் வெடித்த கூடுகள்

பித்தளை விரிவதைப் பற்றி நம் நாட்டிலேயே ஒரு பெரிய மர்மம் இருந்தது.

ஆங்கிலேயர் பட்டாளத்தில், மழைக் காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் வைப்பது வழக்கம். மழை ஓய்ந்ததும் எடுத்துப் பார்த்தால் பல கூடுகளில் விரிசல். யாரும் சுடவில்லை. யாரும் தொடவில்லை. பெட்டிக்குள் இருந்தபடியே பித்தளை பிளந்திருந்தது. பருவம் மாறும்போது வருவதால் பருவ விரிசல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மழையின் மேல் பழி போட்டார்கள்.

காரணம் மழை மட்டும் அல்ல. குதிரையும்தான். குதிரை மூத்திரத்தில் இருந்து அம்மோனியா என்ற காரமான வாயு கிளம்பும். லாயத்துக்குள் போனால் மூக்கைத் துளைக்குமே, அதுதான். கூட்டை அச்சில் அழுத்தி இழுத்துச் செய்யும்போது பித்தளைக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடுகிறது. ஈரக் காற்றோடு அம்மோனியா சேர்ந்து அந்த இறுக்கமான இடத்தைத் தாக்கும். பித்தளை வாய் பிளக்கும். இந்த உண்மையை 1921-இல்தான் ஆங்கில ஆராய்ச்சியாளர்கள் திட்டமாக விளக்கினார்கள். கூட்டைச் செய்து முடித்ததும் அளவாகச் சூடு காட்டி இறுக்கத்தைப் போக்குவதே பரிகாரம்.

அதனால்தான் பழைய கூட்டைத் துலக்குகிறவர்கள் அம்மோனியா கலந்த திராவகங்களைக் கிட்டவே சேர்ப்பதில்லை. கண்ணுக்குப் பளபளக்கும். உள்ளே விரிசல் விழும்.

பாதரசமும் இன்னொரு எதிரி. அந்தக் காலத்துக் கேப் மருந்தில் பாதரசம் இருந்தது. வெடித்ததும் அது பித்தளைக்குள் ஏறி அதை அப்பளம் மாதிரி நொறுங்கச் செய்யும். பாதரசம் பட்ட தங்கம் என்ன ஆகும் என்று ஆசாரிகளைக் கேட்டால் சொல்வார்கள். பிற்பாடு பல நாடுகள் அந்த மருந்தை மாற்றிவிட்டன.

நம் நாட்டில்

நீலகிரியில் குன்னூருக்கு அருகே அருவங்காடு இருக்கிறது. அங்கே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கார்டைட் தொழிற்சாலையை அமைத்தார்கள். .303 தோட்டாவுக்குள் இருந்த நூல் நூலான மருந்துக்குத்தான் கார்டைட் என்று பெயர். கூடும் குண்டும் புனே அருகே கிர்க்கியிலும், டம்டம்மிலும் செய்தார்கள். 1857-இல் தோட்டாப் பேச்சு கிளம்பிய அதே டம்டம்தான்.

.303 துப்பாக்கி நம் போலீசாரிடம் நெடுங்காலம் இருந்தது. உத்தரப் பிரதேசப் போலீசார் அதற்கு விடை கொடுத்ததே 2020 குடியரசு தினத்தன்றுதான்.

சுடும் பயிற்சிக்குப் போகும் போலீஸ்காரர் எத்தனை தோட்டா வாங்கினாரோ, அத்தனை காலிக் கூட்டைத் திரும்ப எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தால் எல்லோரும் புல்லுக்குள் குனிந்து தேட வேண்டும். பித்தளையின் விலைக்காக மட்டும் அல்ல. வெளியே போன கூடு எந்தக் கையில் மறுபடி தோட்டாவாக மாறும் என்று யாருக்கும் தெரியாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்சு இல்லாமல் தோட்டா செய்வதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம்.

வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒன்று. சுடும் மைதானங்களின் பக்கம் பித்தளைக் கூடு கிடந்தால் பிள்ளைகள் ஆசையாக எடுத்து வருவார்கள். அது வெடித்த கூடா, வெடிக்காத தோட்டாவா என்று அவர்களுக்குத் தெரியாது. குண்டு இல்லாத கூட்டிலும் கேப் உயிரோடு இருக்கலாம். ஆணியால் குத்திப் பார்த்தால் விரல் போகும். தொடாமல் போலீசாருக்குச் சொல்வதே சரி.

வழக்கும் தீர்ப்பும்

இனி பெர்டனின் கடைசிக் காலம்.

வயதான பிறகும் அவர் ஓயவில்லை. தூரத்தை அளக்கும் கருவி, நீர்மூழ்கிக் கப்பல் என்று பலவற்றுக்குத் திட்டம் போட்டார். துப்பாக்கி அளவுக்கு எதுவும் ஓடவில்லை.

அவர் மனத்தில் ஒரு குறை இருந்தது. அமெரிக்கப் பட்டாளத்துக்கு ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலை செய்த துப்பாக்கியில், பின்கதவைத் திறக்கும் அமைப்பிலும் சுட்ட கூட்டை வெளியே தள்ளும் அமைப்பிலும் தன் யோசனையை எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்றார். எடுத்துக்கொண்டவர்கள் காசு தரவில்லை. தன் பட்டாளம், தன் சர்க்கார், தான் ரத்தம் சிந்தக் கூட்டிப் போன படை. ஆனாலும் விடவில்லை. அவருடைய கம்பெனி அமெரிக்க சர்க்கார் மீது வழக்குத் தொடுத்தது. எதிர் வக்கீல் சர்க்கார் வக்கீல். ஆண்டுகள் ஓடின. கீழ்க் கோர்ட்டு கம்பெனிக்குப் பணம் கொடுக்கச் சொன்னது. வழக்கு மேல் கோர்ட்டுக்குப் போயிற்று.

1893 மார்ச் 31-ந் தேதி வாஷிங்டனில் பெர்டன் திடீரென்று காலமானார். வயது 68. படை வீரர்களை அடக்கம் செய்யும் ஆர்லிங்டன் மயானத்தில் அவரைப் புதைத்தார்கள்.

சுப்ரீம் கோர்ட்டு 1895-இல் தீர்ப்புச் சொன்னது. பெர்டன் கம்பெனிக்குச் சர்க்கார் பணம் தர வேண்டியதுதான் என்றது. வழக்குப் போட்டவர் ஆர்லிங்டனுக்குப் போய் இரண்டு ஆண்டு ஆகியிருந்தது.